இடது கால் தண்டை

ஒன்பது மாதக் குழந்தை தன் அப்பாவை எதை வைத்து அடையாளம் காண்கிறது? முகத்தை வைத்தா, குரலை வைத்தா, வாசனையை வைத்தா? புத்தகங்களில் தேடியிருக்கிறேன். டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். இன்று வரை எனக்குப் பதில் தெரியாது.

என்னிடம் இருப்பதெல்லாம் ஒரு வாசற்படியும் சாயங்கால வெளிச்சமும்தான்.

கோவில்பட்டியில் நாங்கள் இருப்பது மேற்குப் பார்த்த வீடு. வெயில் தாழ்ந்ததும் தெருவின் புழுதியெல்லாம் பொன்னாகி, வாசல் வரை வந்து மிதக்கும். பருத்திக் காலமாக இருந்தால் அந்தப் புழுதியோடு நாலைந்து பஞ்சுப் பிசிறும் சேர்ந்து, இறங்குவதா வேண்டாமா என்று யோசித்தபடி அலையும். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வரும். என் வீட்டுக்காரர் காலை ஊன்றி நிறுத்துவதற்குள் என் மகள் என் இடுப்பிலிருந்து இரண்டு கைகளையும் நீட்டித் தாவுவாள்.

அவர் வேலை பார்ப்பது ஒரு தீப்பெட்டி ஆபீஸில். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே சரக்கு குடோன் அவர் பொறுப்பு. கந்தக மூட்டைகளை இறக்கி, எடை போட்டு, தீக்குச்சி மருந்து கலக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டையின் முன்பக்கத்தில், பையின் அடிவிளிம்பில், லேசான மஞ்சள் தூள் படிந்திருக்கும். பூவுக்குள் புகுந்து வந்தவர் போலத் தெரிவார்.

பிள்ளையை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் சைக்கிளைப் படியேற்றுவார். கால் மணி நேரம் இருக்குமோ என்னவோ, அவ்வளவுதான் அவர்கள் இரண்டு பேருக்கும். காலையில் அவள் கண் விழிப்பதற்கு முன்பே அவர் போய்விடுவார். சாயங்காலம் அவர் தோளில் சாய்ந்த சற்று நேரத்தில் அவள் தூங்கிவிடுவாள்.

வெள்ளி கருத்தது

முதலில் பார்த்தது என் மாமியார். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி சாந்தி, இங்கன வா. இதப் பாரு."

இடது கால் தண்டை கருத்திருந்தது. பிள்ளைகளுக்குப் போடுகிற கனமான வெள்ளி வளையம். உள்ளே சிறு மணிகள் உருளும். வலது காலில் இருந்தது கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். இடது காலில் இருந்ததோ அடுப்புக்கரி பூசியது போல இருந்தது. அத்தை சிகைக்காய்த் தூளை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"போட்டு ஒரு மாசங்கூட ஆகல. வெள்ளிதானாட்டி இது?"

கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். நான் பிள்ளையைத் துண்டில் சுற்றி அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

தண்டை என் அண்ணன் கொண்டுவந்த தாய்மாமன் சீர். அண்ணன் குளத்தூரில் உப்பளத்தில் மேஸ்திரி. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். என் கல்யாணத்தின்போது, அவர் கொண்டுவந்த குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்த யாரோ ஒருவர், உள்ளே ஈயம் ஊற்றி எடை ஏற்றியிருப்பார்களோ என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்துவிட்டார். அண்ணன் அதன் பிறகு எங்கள் படியேறவில்லை. மகள் பிறந்து எட்டாவது மாதம்தான் வந்தார், இந்தத் தண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

அடுத்த மாதம் கழுகுமலைக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். அண்ணன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும்.

"அதுக்கு முந்தி பஜாருல ஆசாரிகிட்டக் குடுத்து ஒரு உரசு உரசிப் பாத்துருவோம்," என்றார் அத்தை.

அந்த ஆசாரி குளத்தூர்க்காரர். உரசின கல்லைத் துடைப்பதற்குள் செய்தி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள் என்று தெரிந்தால் அண்ணன் கழுகுமலைக்கு வரமாட்டார். என் மகள் வேறு யார் மடியில் உட்காருவாள்?

"ரெண்டு நாள் பொறுங்க அத்த," என்றேன். எதற்கு இரண்டு நாள் என்று எனக்கே தெரியவில்லை.

கயத்தாறில் பஸ் மாறுகிறவர்கள்

நான் வேதியியல் படித்தவள். படித்ததைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் உண்டு, ஏனென்றால் படித்தது சரியாகத்தான் புரிந்ததா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. அப்போது மத்தியானங்களில் பிளஸ் டூ பெண்கள் சிலருக்கு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கும். வெளியே கரிசல் காடு வெயிலில் ஆவி விட்டபடி கிடக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்துப் பனைகள் தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். பாடம் சொல்லும் என் குரலே எனக்குத் தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கும்.

அன்றைக்குப் பாடம், ஒரு வினையில் ஆக்சிஜனேற்றி எது, ஒடுக்கி எது என்று கண்டுபிடிப்பது. பெயரைப் பார்த்ததும் பெண்கள் வினையில் ஆக்சிஜனைத் தேடுவார்கள். ஆக்சிஜன் ஒரு துளிகூட இல்லாமல் ஆக்சிஜனேற்றம் நடக்கலாம் என்றால் நம்பமாட்டார்கள்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கயத்தாறில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறுகிறவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆட்கள்தான் எலக்ட்ரான். இரண்டு பஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கூட்டம், ஒன்றும் புரியாது. அதனால் ஒவ்வொரு பஸ்ஸாகத் தனியே பார்க்க வேண்டும். அதுதான் அரை வினை. ஆளை இறக்கிவிடுகிற பஸ் எலக்ட்ரானை இழக்கிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தான் இழந்து அடுத்ததற்குக் கொடுப்பதால் அதுவே ஒடுக்கி. ஏற்றிக்கொள்கிற பஸ் ஒடுக்கம் அடைகிறது. அடுத்ததிடமிருந்து வாங்கிக்கொள்வதால் அதுவே ஆக்சிஜனேற்றி. கடைசியில் இறங்கியவர்களும் ஏறியவர்களும் எண்ணிக்கையில் சரியாக இருக்க வேண்டும். நடுரோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

"படியில தொங்குற எலக்ட்ரானை எந்தப் பஸ்ல சேக்க மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிலில் பிள்ளை அசைந்தது. தண்டை மணி ஒரு தரம் உருண்டு நின்றது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் பார்த்திருந்தது ஒரு பஸ்ஸை மட்டும்தான்.

இறக்கிவிட்டது வெள்ளி, ஏற்றிக்கொண்டது யார்?

பெண்கள் போன பிறகு, கையிலிருந்த சாக்பீஸால் அடுப்படித் தரையில் எழுதினேன்.

Ag → Ag⁺ + e⁻

வெள்ளி எலக்ட்ரானை இழந்திருக்கிறது. அப்படியானால் வெள்ளி ஒடுக்கி. தவறு செய்தது போல எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், ஆனால் அது கொடுத்திருக்கிறது. கொடுக்க வேண்டுமென்றால் வாங்க ஒருவர் வேண்டும். இரண்டாவது வரியின் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளியின் மேல் படியும் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. இது எனக்குத் தெரியும். எனவே வாங்கியது கந்தகம்.

S + 2e⁻ → S²⁻

கந்தகம் இரண்டு கேட்கிறது, வெள்ளி ஒன்றுதான் தருகிறது. அதனால் மேல்வரியை இரண்டால் பெருக்கினேன். கணக்கு சரியாகிவிட்டது. மனசு சரியாகவில்லை. வீட்டுக்குள் கந்தகம் எங்கிருந்து வந்தது? சாக்கடையிலிருந்தா? பிள்ளைக்கு அடியில் விரிக்கும் ரப்பர் ஷீட்டிலிருந்தா? ரப்பரிலும் கந்தகம் உண்டு. ஆனால் ரப்பர் ஷீட்டில் இரண்டு காலும்தான் படுகிறது. ஏன் இடது கால் மட்டும்?

படித்தவள்தானே, எனக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். ஒருவேளை தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். பிள்ளை தாவினாள். இடது கையில் ஏந்திக்கொண்டார். அப்படி ஏந்தினால் பிள்ளையின் வலது கால் அவர் முதுகுப் பக்கம் போகும். இடது கால் முன்பக்கம் வரும், சட்டைப்பைக்குக் கீழே. அவள் சந்தோஷத்தில் காலை உதைத்து உதைத்து அந்த மஞ்சள் தூளில் தண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசல் முழுக்க வெளிச்சம். அவர் என்னைப் பார்த்து, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

என்னை நம்பாமல் சோதித்தும் பார்த்தேன். என் அறுந்த கொலுசிலிருந்து இரண்டு வெள்ளி முத்து எடுத்தேன். ஒன்றை அவருடைய அழுக்குச் சட்டையில் சுற்றி வைத்தேன், மற்றதைப் பீரோவில் வைத்தேன். சில நாளில் சட்டைக்குள் இருந்தது கருத்துவிட்டது.

அலுமினியச் சட்டி

திருநீறு போட்டுத் தேய்த்தால் கறுப்பு போகும். கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் போகும். எனக்கு அண்ணன் கொடுத்ததில் ஒரு பொடிகூடக் குறையக் கூடாது. போன எலக்ட்ரானை வெள்ளிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தயாராக வெள்ளியைவிடத் தாராளமான ஒருவர் வேண்டும். அலுமினியம் அப்படிப்பட்டது.

பழைய அலுமினியச் சட்டி ஒன்றை உட்புறம் மினுங்கும்வரை தேய்த்துக் கழுவினேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பும் ஆப்பசோடாவும் போட்டேன். தண்டைகளைச் சட்டியின் அடியைத் தொடுகிற மாதிரி இறக்கினேன். லேசாக அழுகல் முட்டை வாடை வந்தது. குமிழிகள் ஏறின. தண்ணீருக்கு அடியில், மேகம் விலகுகிற மாதிரி, கறுப்பு ஓரங்களிலிருந்து கரைந்து வெள்ளி வெளியே வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது.

அலுமினியம் மூன்று எலக்ட்ரான் இழக்கிறது. இங்கே அது ஒடுக்கி. கறுப்புக்குள் இருந்த வெள்ளி அயனி ஆளுக்கொன்றாய் வாங்கிக்கொண்டு மறுபடி வெள்ளியாகிறது. அதனால் இந்தச் சட்டிக்குள் வெள்ளி சல்ஃபைடுதான் ஆக்சிஜனேற்றி. முன்பு கொடுத்த அதே வெள்ளி இப்போது வாங்குகிறது. கந்தகத்துக்கு இந்த வினையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வெறுமனே விலகிப் போய்விட்டது.

பிள்ளைக்குப் போட்டுவிட்டு அத்தையிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் தண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"முலாம் பூசிட்டு வந்தியோ?"

"இல்லத்த. அடுப்படியிலதான் வச்சு..."

"தேச்சும் போகாத கறுப்பு தண்ணியில போட்டதும் போயிருமோ? அண்ணன விட்டுக்குடுக்க மனசில்ல ஒனக்கு. அது சரிதான். எனக்கும் கூடப்பொறந்தவன் இருந்தான்."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் என்னைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்துப் பேசினார். வெள்ளை வெளேரென்று இருக்கிற தண்டை எதையும் நிரூபிக்கவில்லை.

அத்தையின் சிமிழ்

மறுநாள் மத்தியானம் அத்தையிடம் போய், உங்களிடம் கருத்த வெள்ளி ஏதாவது இருந்தால் கொடுங்கள், உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறேன் என்றேன். கேட்ட பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று பயந்தேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். பிறகு தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்த ஒன்றை எடுத்து வந்தார். குங்குமச்சிமிழ். மாமனார் இறந்த பிறகு அதை அவர் வெளியே எடுத்ததில்லை. மை போலக் கருத்திருந்தது. வெள்ளி என்று சொன்னால்தான் தெரியும்.

"கெட்டுப் போனா போகட்டும். போடு," என்றார்.

இரண்டு பேரும் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆவி எழுந்து இருவர் முகத்துக்கும் நடுவில் நின்றது. கறுப்பு அதிகம் என்பதால் நேரம் பிடித்தது. தண்ணீரை இரண்டு தரம் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் மூடியின் குமிழ் வெளுத்தது. பிறகு அதைச் சுற்றி ஒரு தாமரை இதழ். பிறகு இன்னோர் இதழ். அந்த மூடியில் தாமரை செதுக்கியிருப்பதை அத்தையே மறந்துபோயிருந்தார். ஆறுகிற வரை பொறுக்காமல் கரண்டியால் எடுத்து முந்தானையில் துடைத்தார்.

"அவிய வாங்கிக் குடுத்தது. கழுகுமலைத் தேருக்குப் போனப்ப." மூடியை மறுபடி துடைத்துவிட்டு, "இது நல்ல வெள்ளியான்னு நான் ஒருநாளும் ஒரசிப் பாக்கல," என்றார்.

அதற்கு மேல் ஆசாரியைப் பற்றிப் பேச்சு எழவில்லை. அண்ணன் தப்பித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் அத்தை புத்திசாலி. சிமிழை முடிந்துகொண்டே கேட்டார்.

"நல்ல வெள்ளியும் கருக்கும், சரி. எனக்கு இது கருக்க எத்தனையோ வருசமாச்சு. பிள்ளைக்கு ஒரு மாசத்துல கருத்துட்டு. அதுவும் ஒத்தக் கால்ல. ஏன்ட்டி?"

என் கையில் சாக்பீஸ் இருந்தது. தரையில் முன்பு எழுதிய இரண்டாவது வரி பாதி அழிந்து கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அன்று சாயங்காலம் வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் வார்த்தை தேடுவதற்குள் அத்தையே முடிவுக்கு வந்துவிட்டார். "வேர்வையா இருக்கும். இவ அப்பனுக்கும் சின்னதுல ஒரு கால் மட்டுந்தான் வேர்த்து ஊத்தும்."

நான் ஈரத் துணியை எடுத்து அந்த இரண்டாவது வரியைத் துடைத்தேன்.

கழுகுமலையில்

அண்ணன் விடிவதற்குள் வந்து நின்றார். புதுவேட்டியின் மடிப்புக்கூடக் கலையவில்லை. மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசி, பிள்ளையை அவர் மடியில் உட்கார்த்தினோம். ஊசி இறங்கியபோது அவள் அலறினாள். அண்ணன் அவளுக்கு முன்பே அழுதுவிட்டார். தண்டைகள் இரண்டும் வெயிலில் மின்னின.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தை அவர் இலைக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நல்ல வெள்ளியாப் பாத்து வாங்கிருக்கிய தம்பி," என்றார். அண்ணன் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

குளித்துவிட்டு வந்தவர்

இத்தோடு இந்த வாரப் பத்திரிகைக்கான அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு முடியவில்லை. வெள்ளியில் படிவது பிள்ளையின் மேல் படியாதா? மூச்சில் போகாதா? டாக்டரிடம் கேட்டேன். கந்தகம் சொறிக்குப் போடுகிற மருந்துதானே அம்மா என்று சிரித்தார். அவர் சிரித்ததால் கொஞ்சம் தைரியம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. குடோனில் கந்தகம் மட்டுமா இருக்கிறது?

சட்டையை மாற்றச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை பிள்ளைக்குச் சளி பிடித்து, தூசி ஆகாது என்று யாரோ சொன்னதற்கு, சளி போகும்வரை அவர் அடுத்த அறையிலேயே படுத்துக்கொண்டார். கதவிடுக்கு வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். காரணம் தெரிந்தால் இவர் சட்டையோடு நிறுத்தமாட்டார். தன்னையே தள்ளி வைத்துவிடுவார்.

காரணம் சொல்லாமல் செய்து பார்த்தேன். வேர்வையோடு தூக்காதீர்கள், குளித்துவிட்டு வாருங்கள் என்றேன். மறுபேச்சு இல்லாமல் புழக்கடைக்குப் போனார். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது பிள்ளை தூங்கியிருந்தாள். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் ஈரத் தலையோடு தொட்டிலின் பக்கத்தில் நின்று, தண்டை வரை விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வெள்ளன வர முடியுமான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாக்கேன்," என்றார்.

விட மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். மறுநாள் சைக்கிள் வந்து நின்றதும் நானே பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

இப்போது அவள் ஓடுகிறாள். தண்டை போய்க் கொலுசு வந்துவிட்டது. சைக்கிள் சத்தம் கேட்டால் படியிறங்கி ஓடி, நேராக அவர் மார்பில் ஏறி, இரண்டு கால்களாலும் கட்டிக்கொள்கிறாள். அதனால் இப்போது இரண்டு காலும் கருக்கிறது. வாரம் ஒருமுறை அலுமினியச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறேன். எதற்கு இவ்வளவு அடிக்கடி என்று அவர் ஒருநாள் கேட்டார். பளபளவென்று இருந்தால் பிடிக்கும் என்றேன்.

தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால் எனக்கு ஒன்று சொல்லுங்கள். வேலையிலிருந்து வருகிற மனிதரிடம், அவர் மனசு ஒடுங்கிப் போகாமல், அந்தச் சட்டையை மட்டும் வாசலில் கழற்றி வைக்கச் சொல்வது எப்படி? என்ன வார்த்தையில் சொன்னீர்கள்? அதன் பிறகும் பிள்ளையைத் தூக்கினாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டுக்காரர்தான் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார். அப்போது பிள்ளை அவர் மடியில் இருக்கும். இந்த வாரப் பத்திரிகையை அவர் கையில் கொடுப்பதா, வரவில்லை என்று சொல்லி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.